கடலடிப் பெட்டியை அம்பத்தூரில் செய்ய முடியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆழ்கடலுக்குள் ஆட்களை இறக்கும் மத்ஸ்யா 6000 வாகனத்தைப் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் அதன் ஓரத்தில் 'கடலடி நில அதிர்வுமானி' என்று குறிப்புப் போட்டு ஒரு படம் வெளியிட்டிருந்தீர்கள். மஞ்சள் நிறத்தில், தலையில் ஆன்டெனாவும் சோலார் தகடும் வைத்துக்கொண்டு அலைமேல் நின்றது நில அதிர்வுமானி இல்லை, சுனாமி மிதவை. படம் மாறிப்போனதற்காக மட்டும் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். அந்த அதிர்வுமானியின் உறையை லேத்தில் கடைந்து கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அதைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

நான் விஞ்ஞானி அல்ல. ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு அங்கேயே சொந்தமாகப் பட்டறை போட்டவன். பம்ப் ஷாஃப்ட், புஷ், வால்வு பாகம், இவைதான் எங்கள் சோறு. நடுவில் ஒரு பேராசிரியர் கையில் ஒரு வரைபடத்தோடு வந்தார். ஆழ்கடலில் இறக்கும் கருவிக்கு உருளை வடிவ உறை வேண்டும், டைட்டானியத்தில் வேண்டும், எஸ்டேட்டில் யாரைக் கேட்டாலும் உங்கள் பட்டறையைக் காட்டுகிறார்கள் என்றார். அப்படித்தான் இந்த வேலைக்குள் வந்தேன். இப்போது பட்டறையை மகன் பார்த்துக்கொள்கிறான். எனக்கு எழுத நேரம் இருக்கிறது.

முதலில் அந்தக் கடலடி அதிர்வுமானி, நான் பெட்டி என்று சொல்வது, என்ன என்று சொல்லிவிடுகிறேன். கப்பலிலிருந்து கடலில் போட்டுவிடுவார்கள். காலில் கட்டிய இரும்பு எடை அதை அடி மண்வரை இழுத்துக்கொண்டு போகும். உள்ளே அதிர்வை உணரும் கருவி, பதிவு செய்யும் மின்னணுப் பலகை, பேட்டரி, ஒரு கடிகாரம். மாதக் கணக்கில், சில நேரம் ஒரு வருஷம்கூட, அங்கேயே உட்கார்ந்து பூமியின் அசைவுகளை எழுதிக்கொண்டிருக்கும். பிறகு கப்பல் திரும்பிப் போய் ஒலி மூலமாகக் கூப்பிட்டால், எடையைக் கழற்றிவிட்டு மேலே மிதந்து வரும். அவ்வளவுதான்.

சுனாமி மிதவை வேறு ஆள். அதன் அடியிலும் கடல் தரையில் ஒரு கருவி உண்டு. ஆனால் அது தனக்கு மேலே இருக்கும் தண்ணீரின் அழுத்தத்தை அளக்கிறது. சுனாமி கடந்தால் அந்த அழுத்தம் துளி மாறும். அதை ஒலியாக மிதவைக்கு அனுப்ப, மிதவை செயற்கைக்கோளுக்கு அனுப்பும். எச்சரிக்கைக்கு அது வேண்டும். அலை எங்கே பிறக்கும், தரை எங்கே இறுகிக் கிடக்கிறது, எந்தப் பக்கம் விரிசல் ஓடும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதை அறியத்தான் அந்தப் பெட்டி.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கேபிள் இல்லாமல் தனியாகக் கிடக்கும் பெட்டி யாரையும் எச்சரிக்காது. நிலாவிலிருந்து கிட்டத்தட்ட 3,84,000 கிலோமீட்டர் தாண்டி ரேடியோ அலை வந்து சேர்கிறது. 1969-ல் அப்பல்லோ 11 வைத்துவிட்டு வந்த அதிர்வுமானி அப்படித்தான் பூமியோடு பேசியது. கடலில் நாலு கிலோமீட்டர் உப்புத் தண்ணீரைத் தாண்டி ரேடியோ வராது. அதனால் பெட்டி மேலே வந்த பிறகுதான் அது எழுதி வைத்ததைப் படிக்க முடியும். இது ஆராய்ச்சிக் கருவி. ஆனால் எச்சரிக்கை மணியை எங்கே கட்ட வேண்டும், எவ்வளவு சத்தத்துக்கு அடிக்க வேண்டும் என்று சொல்லப்போவது இந்த ஆராய்ச்சிதான்.

2004 டிசம்பர் 26 காலை, நம் நேரப்படி 6.29-க்கு சுமத்ராவுக்குப் பக்கத்தில் தொடங்கிய முறிவு, நிக்கோபார், அந்தமான் வரைக்கும் சுமார் 1,300 கிலோமீட்டர் ஓடியது. நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் நமக்கு யாரும் சொல்லவில்லை என்பது தனிக் கதை. 2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்த பிறகு அந்தக் குறை தீர்ந்தது. ஆனால் நிக்கோபார்க்காரருக்கு இரண்டு மணி நேரம் எங்கே இருக்கிறது? இருபது முப்பது நிமிஷம்தான். அவர் வீட்டுக்கு மேற்கே கடலுக்கு அடியில்தான் தட்டுகள் மோதுகின்றன. நம் நில அதிர்வு நிலையங்களோ வடக்கு தெற்காக ஒரே வரிசையில் கிடக்கும் தீவுகளில் இருக்கின்றன. எல்லோரும் ஒரே பக்கம் நின்று காது கொடுத்தால் சத்தம் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு ஆழத்தில் வருகிறது என்று எப்படிச் சரியாகச் சொல்வது? மறுபக்கமும் ஆள் வேண்டும். மறுபக்கம் என்பது கடலின் அடி.

இது என் ஊகம் இல்லை. கோவாவில் இருக்கும் தேசியக் கடலியல் நிறுவனத்தார் அந்தமான் கடலில் இப்படிப் பெட்டிகளை இறக்கி வைத்திருந்தபோது, 2014 மார்ச்சில் நிக்கோபாருக்கு அருகே கூட்டம் கூட்டமாகச் சிறு அதிர்வுகள் வந்தன. பெட்டிகள் அதைப் பதிவு செய்தன.

ஜப்பானில் 2011 மார்ச் 11 அன்று நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். உலகத்திலேயே நிலநடுக்கக் கருவிகள் நெருக்கமாக இருக்கும் நாடு. அங்கேயே முதல் மூன்று நிமிஷத்தில் போட்ட கணக்கில் நிலநடுக்கத்தின் அளவு 7.9 என்று வந்தது. உண்மையில் அது 9. முதல் எச்சரிக்கையில் இவாத்தே கடற்கரைக்கு மூன்று மீட்டர் அலை என்று சொன்னார்கள். கரைக்கு வெளியே கடலில் நின்ற மிதவைகள் காட்டியதைப் பார்த்துத்தான் அளவை உயர்த்தினார்கள். அதற்குள் அரை மணி நேரம் போயிருந்தது. அதன் பிறகுதான் அவர்கள் ஜப்பான் அகழி நெடுக எஸ்-நெட் என்று சுமார் 5,500 கிலோமீட்டர் கேபிள் போட்டு, 150 இடங்களில் அதிர்வுமானியும் அழுத்தமானியும் வைத்தார்கள். நிலநடுக்கத்தை அதிகபட்சம் 30 விநாடி முன்னதாகவும், சுனாமியை 20 நிமிஷம் முன்னதாகவும் கண்டுபிடிக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. 30 விநாடி அற்பம் என்று நினைப்பவர்கள் ஓடும் புல்லட் ரயிலை நிறுத்துவதை நினைத்துக்கொள்ளட்டும்.

எதிர்ப்பக்கத்து உதாரணம் நமக்கே உண்டு. 2012 ஏப்ரல் 11 மதியம் சென்னையில் அலுவலகம் அலுவலகமாக ஆட்கள் தெருவுக்கு ஓடி வந்தார்களே, அந்த நிலநடுக்கத்தின் அளவு 8.6. எங்கள் எஸ்டேட்டிலும் மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் ரோட்டில் நின்றோம். ஆனால் பெரிய சுனாமி வரவில்லை. அந்த முறை தரை பக்கவாட்டில் நகர்ந்தது, மேலே தூக்கவில்லை. அளவு மட்டும் தெரிந்தால் போதாது, தரை எப்படி நகர்ந்தது என்று தெரிய வேண்டும் என்பதற்கு இதைவிட வேறென்ன சொல்ல?

சரி, என் தொழிலுக்கு வருகிறேன்.

ஆறு கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தம் 600 வளிமண்டலம். பதினைந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு சின்ன மூடியின் மேல் நூறு டன்னுக்கு மேல் பாரம். எஃகில் செய்தால் தாங்காதா என்று கேட்பார்கள். தாங்கும். ஆனால் 316 ஸ்டெயின்லெஸ்கூட ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்துக்கு அடியில், ஆக்ஸிஜன் போகாத இடுக்கில், ஊசி குத்தினது போலப் பொத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும். அலுமினியத்துக்குக் கெட்டியாக அனோடைஸ் என்ற காப்புப் படலம் போட்டு இறக்குகிறார்கள். கொஞ்ச நாளைக்குச் சரி, எங்காவது கீறல் விழுந்தால் அந்த இடத்திலிருந்தே தின்ன ஆரம்பிக்கும். ஒரு வருஷம் விட்டு வைக்க வேண்டும் என்றால் டைட்டானியம்தான்.

டைட்டானியம் கடைவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். இரும்பில் சூடு சுருளோடு சேர்ந்து வெளியே போய்விடும். இதில் போகாது, டூல் முனையிலேயே நிற்கும். வேகத்தைக் குறைத்து, கூலன்ட்டை வழிய விட்டு, டூல் மழுங்குவதற்கு முன்னாலேயே மாற்றிவிட வேண்டும். நடுவில் தயங்கி டூலைத் தேய்க்க விட்டால் அந்த இடம் கெட்டியாகிவிடும், அடுத்த கட் அங்கே வழுக்கும். இதைவிட முக்கியம், நெருப்பு. மெல்லிய சுருள் குவிந்து கிடந்தால் ஒரு பொறி போதும், கண் கூசும் வெள்ளை வெளிச்சத்தில் எரியும். பழக்கத்தில் யாராவது தண்ணீர் வாளியைத் தூக்கினால் விபரீதம். அந்த வேலை நடக்கும் லேத் பக்கத்தில் உலர்ந்த மணல் வாளி இல்லாமல் நான் மெஷினைப் போடவே விடமாட்டேன். இன்றைக்கும் மகனிடம் நான் கத்துவது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது ஒரு ரப்பர் வளையம். பிரஷர் குக்கர் கேஸ்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அழுத்தம் வெளியிலிருந்து உள்ளே. வேடிக்கை என்னவென்றால், ஆழம் போகப் போக ஓ-ரிங் இன்னும் இறுக்கமாக உட்காரும். தண்ணீரே அதை அதன் இடத்தில் தள்ளி அடைத்துவிடும். கசிவு பெரும்பாலும் மேலேயே, முதல் சில பத்து மீட்டரில் நடந்து முடிந்துவிடும். அழுத்தம் போதாததால் வளையம் சரியாக உட்காராத நேரம் அது. நூறு டன்னைத் தாங்குமா என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் இளம் இன்ஜினியர்களிடம், தண்ணீர்த் தொட்டியில் ஒரு ராத்திரி போட்டு வைத்துப் பாருங்கள் தம்பி என்று நான் சொல்வது இதனால்தான்.

வளையம் உட்காரும் பள்ளத்தின் பரப்பில்தான் முழு உயிரும் இருக்கிறது. லேத்தில் கடையும்போது வட்டமாகச் சுற்றி வரும் மெல்லிய கோடுகள் விழும். அது பரவாயில்லை. குறுக்கே ஒரே ஒரு கோடு, தலைமுடி அளவு, இருந்தால் தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். அசெம்பிளியின்போது வளையத்தில் ஒரு நூல் ஒட்டியிருந்தாலும் அதே கதைதான். அந்த வேலைக்குப் பழைய துணி கூடாது என்று தனியாகப் பஞ்சு உதிராத துணி வாங்கி வைத்திருந்தேன்.

இதில் ஒரு மனக்கசப்பும் உண்டு. வெளியூரில் ஒரு அரசு அலுவலகம், பெயர் வேண்டாம். எங்கள் உறை ஒன்றைச் சோதித்துவிட்டு 'கசிவு, நிராகரிக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினார்கள். பிரித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பள்ளத்தில் குறுக்காக ஒரு புதுக் கீறல். எங்கள் டூல் அந்தத் திசையில் போகவே முடியாது. பரிசோதனைக்கு முன்னால் மூடியைத் திறந்து பார்த்த யாரோ ஓ-ரிங்கை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்திருக்கிறார்கள். படம் எடுத்து அனுப்பினேன். பதில் இல்லை. பில்லில் பிடித்தம் மட்டும் வந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு உறையோடும், முனை மழுங்கிய பித்தளைக் கொக்கி ஒன்றைச் செய்து, நூலில் கட்டி, கூடவே அனுப்பி வைத்தேன். அதற்குக் காசு கேட்கவில்லை.

உறையைத் தவிர மற்ற பாகங்களையும் பார்த்திருக்கிறேன். மிதப்பதற்காக வைக்கும் கண்ணாடி உருண்டை பதினேழு அங்குல விட்டம். இரண்டு அரைக்கோளங்கள், நடுவில் கேஸ்கட்டே கிடையாது. விளிம்பு இரண்டும் அவ்வளவு சமமாகத் தேய்க்கப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும் காற்றைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தால் ஒட்டிக்கொள்ளும், மேலே டேப் சுற்றுவார்கள், மீதியைக் கடல் பார்த்துக்கொள்ளும். சில்லு பெயர்ந்த உருண்டை ஒன்று ஆழத்தில் நொறுங்கினால் அந்த அதிர்ச்சியில் பக்கத்தில் இருப்பதும் நொறுங்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது எடையைக் கழற்றும் ஏற்பாடு. மோட்டார் இல்லை, கியர் இல்லை. எடையைப் பிடித்திருப்பது ஒரு ஸ்டெயின்லெஸ் கம்பி. மேலேயிருந்து ஒலிக் கட்டளை வந்ததும் அந்தக் கம்பியில் மின்சாரம் பாய்கிறது. கடல் தண்ணீரில் கம்பி அரித்துக் கரைந்து, சில நிமிஷத்தில் அறுந்துபோகிறது. பெட்டி விடுபட்டு விநாடிக்கு ஒரு மீட்டர்கூடத் தேறாத நிதானத்தில் மேலே வரும். நாலு கிலோமீட்டர் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல். கப்பல் மேல்தளத்தில் ஆளாளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ராத்திரியில் எடுப்பதை விரும்புகிறவர்கள் உண்டு, மினுக்கு விளக்கு தூரத்திலிருந்தே தெரியும் என்று.

கடிகாரம்தான் கஷ்டமான பாகம். அடியில் ஜி.பி.எஸ். கிடையாது. இறக்கும்போது நேரத்தைச் சரிசெய்து, எடுத்த பிறகு எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, நடுவில் இருக்கும் மாதங்களுக்கு அந்த விலகலைப் பிரித்துப் போடுகிறார்கள். பாறையில் அலை விநாடிக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடுகிறது. பத்தில் ஒரு விநாடி தவறினால் நிலநடுக்கத்தின் இடம் அரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். இதற்காக நல்ல பெட்டிகளில் சில்லு அளவிலான அணுக் கடிகாரமே வைக்கிறார்கள்.

இதில் எதையெல்லாம் இங்கே செய்யலாம்? எல்லாவற்றையும் என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். அதிர்வை உணரும் அந்த நுட்பமான சென்சாரும் அணுக் கடிகாரமும் இன்றைக்கு வெளியிலிருந்து வரட்டும், அவசரம் இல்லை. ஆனால் உறை, சட்டகம், கழற்றும் ஏற்பாடு, எடை, பேட்டரிக் கூடு, கொடிக்கம்பம், மண்ணில் சென்சாரைத் தனியாக இறக்கி வைக்கும் கை, பதிவுப் பலகை, இதெல்லாம் அம்பத்தூரிலும் கோயம்புத்தூரிலும் ஆகும். மூலப்பொருளும் இங்கேயே இருக்கிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் கேரளத்துச் சவரா மணலிலும் டைட்டானியக் கனிமம் இருக்கிறது. சவராவில் டைட்டானியம் ஸ்பாஞ்ச், அதாவது பஞ்சு போன்ற முதல்நிலை உலோகம், செய்யும் ஆலை இருக்கிறது. ஹைதராபாத் மிதானியில் உலோகத்தை உருக்கித் தண்டாகத் தருகிறார்கள். மத்ஸ்யாவில் மூன்று பேர் உட்காரப்போகும் 2.1 மீட்டர் கோளத்தையே டைட்டானியக் கலவையில் செய்யத் துணிந்த நாட்டுக்கு, ஒரு முழ நீள உருளை பெரிய விஷயமா?

வருஷத்துக்கு எத்தனை பெட்டி வேண்டும், அதற்காகப் போய் இங்கே ஒரு தொழிலா, மொத்தமாக வாங்கிவிட்டுப் போகலாமே என்று ஒரு வாதம் இருக்கிறது. நானே பலமுறை கேட்ட வாதம். வாங்கும்போது அது சரியாகத்தான் தெரியும். இரண்டாம் வருஷம் ஒரு கனெக்டரில் பச்சை பூத்தாலோ, ஒரு மூடியின் மரை பிடித்துக்கொண்டாலோதான் உண்மை தெரியும். அந்த ஒரு பாகத்துக்குக் கடிதம் எழுதி, விலைப்புள்ளி வாங்கி, அனுமதி வாங்கி, சுங்கத்தில் காத்திருந்து, அது வந்து சேருவதற்குள் கப்பல் புறப்பட்டுப் போயிருக்கும். ஆராய்ச்சிக் கப்பலில் நாள் கிடைப்பது சுலபமா? பெட்டி அலமாரியில் உட்கார்ந்துவிடும். பக்கத்தில் செய்தவன் இருந்தால் அன்று சாயங்காலமே ஒரு மூடி கடைந்து கொடுப்பான். தவிர, கடலில் போட்டதெல்லாம் திரும்பி வராது. எந்த நாட்டுக்காரர் போட்டாலும் சிலது தொலையும். விலையுயர்ந்த வெளிநாட்டுப் பெட்டி என்றால் தொலைந்துவிடுமோ என்ற பயத்திலேயே சுவாரஸ்யமான இடத்தில் போடமாட்டார்கள்.

ஜப்பான்காரர்கள் கேபிள் போட்டதை மட்டும் சொல்கிறோம். டோக்கியோவின் பழைய பகுதியில் எங்களைப் போன்ற சின்னப் பட்டறைக்காரர்கள் செய்ததை யாரும் சொல்வதில்லை. ரப்பர் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் தொடங்கிவைத்தார். கண்ணாடி உருண்டைக்குள் கேமரா வைத்து ஆழ்கடலுக்குள் போட்டு எடுக்கும் 'எடோக்கோ நம்பர் 1' என்ற கருவியை அவர்கள் சேர்ந்து செய்தார்கள். உள்ளூர்க் கடன் வங்கி, பல்கலைக்கழகங்கள், அவர்களுடைய கடல் ஆராய்ச்சி நிறுவனமான ஜாம்ஸ்டெக், எல்லோரும் தோள் கொடுத்தார்கள். 2013 நவம்பரில் ஜப்பான் அகழியில் சுமார் 7,800 மீட்டர் ஆழத்தில் மீன்களைப் படம் பிடித்துக்கொண்டு அது திரும்பி வந்தது. எடையைக் கழற்றிவிட்டு மிதந்து வரும் அதே சங்கதிதான். கேமரா இருக்கும் இடத்தில் அதிர்வுமானி வைத்தால் நம் பெட்டி.

அவர்களுக்கும் எங்களுக்கும் கையில் வித்தியாசம் இல்லை. கதவில்தான் வித்தியாசம். இங்கே டெண்டர் எடுத்துப் பாருங்கள். இதே பொருளை முன்பு சப்ளை செய்த அனுபவம் இருக்க வேண்டும், வருட வரவு இத்தனை இருக்க வேண்டும் என்று இருக்கும். நாட்டில் யாருமே செய்யாத பொருளுக்கு முன் அனுபவம் யாரிடம் இருக்கும்? வெளிநாட்டுக் கம்பெனியின் ஏஜென்ட்டிடம்தான். சிறு தொழில்களுக்கு இதில் தளர்வு உண்டு என்று அரசு விதி இருப்பது எனக்குத் தெரியும். அதே விதியில் 'தரமும் தொழில்நுட்பத் தகுதியும் பூர்த்தியானால்' என்று ஒரு வால் இருக்கும். அந்த வாலைப் பிடித்துக்கொண்டே வெளியே தள்ளிவிடலாம். தகுதியைக் காட்ட வேண்டுமென்றால் அழுத்தத்தில் வைத்துக் காட்ட வேண்டும். அழுத்தக் கலன் எங்களிடம் கிடையாது.

பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமான என்.ஐ.ஓ.டி.யில் உயர் அழுத்தச் சோதனைக் கலன் இருக்கிறது. நல்ல வசதி. ஆனால் நாட்டின் பெரிய ஆழ்கடல் திட்டங்களின் வேலை நடக்கும் இடத்தில், ஒரு சின்ன மூடியின் பள்ளம் சரியா என்று பார்க்க நான் போய் நிற்பது இரண்டு பேருக்கும் சங்கடம். உறை செய்கிறவனுக்கு வேண்டியது அடிக்கடி, அவசரத்துக்கு, பத்து நிமிஷத் தூரத்தில். மாற்றிக் கடைந்து மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். அப்படித்தான் கை தேறும்.

மிதவைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடுக்கடலில் எது மிதந்தாலும் அதன் நிழலில் மீன் சேரும். மீன் சேர்ந்தால் படகு வரும், வந்தால் மிதவையில் கட்டிப்போடுவார்கள். மீனவர்களைத் திட்டுவது சுலபம். இரண்டு மூன்று நாள் டீசல் எரித்துப் போனவர் மீன் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு வருவாரா? அதனால் மிதவைகள் சேதமாகின்றன, கேமரா வைத்துக் கண்காணிக்கும் அளவுக்குப் போயிருக்கிறது. கடலடிப் பெட்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. மூன்று நாலு கிலோமீட்டர் ஆழத்துக்கு எந்த இழுவை வலையும் போகாது.

கேபிள் விஷயமும் பேசியாக வேண்டும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் மற்றத் தீவுகளுக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் கண்ணாடியிழைக் கேபிளைத் திறந்து வைத்தார்கள். இணையத்துக்கும் தொலைபேசிக்கும் போட்ட கேபிள். நமக்கு எந்தக் கடலடியில் காது வேண்டுமோ அதே கடலடியில் கிடக்கிறது. இப்படிப்பட்ட கேபிள்களில் நடுநடுவே இருக்கும் பெருக்கிகளுக்குள்ளேயே அதிர்வுமானியும் அழுத்தமானியும் வைத்துவிடலாம் என்ற யோசனை உலக அளவில் பல வருஷமாகப் பேசப்படுகிறது. போர்ச்சுகல் தன் அசோர்ஸ், மடேய்ரா தீவுகளுக்குப் போடும் புதுக் கேபிளில் அதைச் சேர்க்கிறது. 1755-ல் நிலநடுக்கத்துக்கும் சுனாமிக்கும் லிஸ்பனைப் பறிகொடுத்தவர்கள், அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தமானுக்கு அடுத்த கேபிள் போடும்போது இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். போட்டு முடித்த பிறகு சேர்க்க முடியாது. அதுவரைக்கும் தனிப் பெட்டிகள்தான் கதி.

நான் கேட்பது மானியம் அல்ல. கடலடிக் கருவி வாங்கும் அலுவலகங்கள், முழுக் கருவியாக டெண்டர் விடுவதற்கு முன்னால், உறை, கழற்றும் ஏற்பாடு என்று பாகம் பாகமாக இரண்டு மூன்று மாதிரிகளுக்குச் சின்ன ஆர்டர் கொடுக்கட்டும். வரவு, முன் அனுபவம் எதுவும் கேட்காமல். சோதனையில் தோற்றால் பணம் வேண்டாம். ஆனால் எங்கே தோற்றது, எந்த அழுத்தத்தில், எத்தனை மணி நேரத்தில் என்று எழுதித் தரட்டும். 'கசிவு' என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எந்த டர்னரும் எதையும் திருத்த முடியாது.

இரண்டாவது, எஸ்டேட்டுக்குள் ஒரு பொதுச் சோதனைக் கலன். உள் விட்டம் ஒரு அடி, ஆழம் மூன்றடி, 700 பார் (ஒரு பார் ஏறக்குறைய ஒரு வளிமண்டலம்) தாங்கினால் போதும். சிறு தொழில் தொகுப்புகளுக்குப் பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசின் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. மின்முலாம் பூசவும் அச்சு செய்யவும் அதில் மையங்கள் வந்திருக்கின்றன, இதற்கும் வரலாம். கலனுக்கான தடித்த எஃகு உருளையைக் கடைய எஸ்டேட்டிலேயே ஆள் உண்டு, பம்ப்புக்கும் ஆள் உண்டு, சங்கத்தில் பேசினால் ஒரு ஷெட்டும் கிடைக்கும். கலனைப் பரிசோதித்துச் சான்று கொடுப்பதும், அதில் போட்ட பாகத்துக்குக் கொடுக்கும் அறிக்கையை அரசு அலுவலகங்கள் ஏற்றுக்கொள்வதும் மட்டும் எங்கள் கையில் இல்லை. அந்த இரண்டையும் யாரிடம் கேட்க வேண்டும் என்று உங்கள் நிருபர் விசாரித்து எழுதினால், விண்ணப்பத்தை நாங்களே எடுத்துக்கொண்டு போகிறோம்.

இப்படிக்கு,
ஒரு லேத் பட்டறைக்காரர்,
அம்பத்தூர், சென்னை.